‘நீர் உட்காரும்’, ‘நீ நில்லு’

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறரைக் கனம்பண்ணுவது கிறிஸ்தவர்களின் அன்றாடக் கடமை என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் கனம்பண்ணச் சொல்லப்பட்டவர்கள் எல்லாரும் போதகர், பாடசாலை அதிபர், கிராம சேவகர். இவர்களுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? கிளிநொச்சிப் பக்கம் ஒரு மேடை போட்டால் பேச்சைவிடப் பொன்னாடைக்குத்தான் கூட நேரம் போகிறது. பேதுரு ‘எல்லாரையும்’ கனம்பண்ணச் சொல்கிறார். அதே வசனத்தில் ராஜாவுக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறார்.

சென்ற அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் ஆலயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ஆராதனை தொடங்கிய பிறகு வந்தது. “வாங்கோ அண்ணை, முன்னுக்கு வாங்கோ” என்று ஒரு தம்பி ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவர்களுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா, தன் வளவில் காய்த்த பூசணிக்காயை இடுப்பில் ஏந்தியபடி வாசலில் நின்றார். அதே தம்பி, அதே வாயால், “நீ உதை அங்கால வைச்சிட்டுப் பின்னுக்கு இரு” என்றார். அந்த அம்மா, தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு, தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து சிறுமியாகப் பெற்றோரோடு இங்கே வந்தவர். பேரப்பிள்ளை கண்ட பிறகும் எங்கள் வாயில் அவர் ‘நீ’ தான். (அவர் இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் சொல்லும் பெயரை எழுத மனமில்லை.) பூசணிக்காய் மட்டும் காணிக்கைப் பொருள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது.

யாக்கோபு தன் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இதைத்தானே எழுதியிருக்கிறார்! பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவருக்குக் காலடி. கிரேக்க மூலத்தில் இருவருக்கும் ஒரே ‘நீ’ தான். எங்கள் பழைய தமிழ் வேதாகமம்தான் ஒருவரை ‘ஐயா, நீர்’ என்றும் மற்றவரை ‘நீ அங்கே நில்லு’ என்றும் பிரித்து எழுதியது. மொழிபெயர்த்தவர்கள் எங்களை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

‘கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்’ என்கிறது ரோமர் 12:10. நாங்கள் முந்துவது வரிசையில்தான். 2009இல், போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீர் பவுசர் வந்தால், ஓய்வுபெற்ற அதிபரும் கூலிவேலைக்காரரும் ஒரே வரிசையில் வாளியோடு இடிபடுவோம். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். என் வாளியை எடுத்துத் தன் வாளிக்கு முன்னே வைத்து, “நீங்க மொத புடிங்கம்மா” என்றார். பேச்சிலேயே மலையகம் என்று தெரிந்தது. பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருக்குப் பிறகு எத்தனை வாளிக்குத் தண்ணீர் கிடைத்ததோ. முந்திக்கொள்வது என்றால் என்ன என்று அன்று விளங்கியது. மீள்குடியேறி வீடு கட்டி முடிக்கும்போது மறந்தும் போனது.

சரி, பண்டிகையன்று ஆலயத்தில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எந்த முகத்தோடு திறப்பது? எங்கள் வளவில் தேங்காய் பிடுங்க வருபவர் என்னைவிட மூத்தவர். பத்து வருடமாக அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். தேத்தண்ணிக்கு அவருக்கென்று ஒரு பேணி, குசினிக்கு வெளியே, திண்ணை ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கும்.

போன மாதம் ஒருவழியாக, “வாங்கோ அண்ணை, கதிரையில இருந்து குடியுங்கோ” என்று வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனம்மா, இந்தமுறை கூலியைக் குறைக்கப் போறியளோ?” என்றார்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கிளிநொச்சி.