சிவப்பு மூடிப் போத்தலில் கிறிஸ்துமஸ்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
நவம்பர் 22

அன்புள்ள அமலா,

உன் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. இருபது பேர், நூற்று ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), வீட்டில் செய்யும் பதினொரு வகைப் பரிசு. ஆட்கள் சரி, பணமும் போதும், வகைதான் கூடிப்போச்சு. எட்டை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு வகைக்கும் அரைக் கிலோ சாமான் வாங்கி, நூறு கிராம் செலவழித்து, மிச்சத்தை அலமாரியில் வண்டு பிடிக்க விடுவோமே, காசு அங்கேதான் கரைகிறது. மூன்று வகை போதும்: நெய் பிஸ்கட் பதினோரு பேருக்கு, கறித்தூள் ஒன்பது பேருக்கு, ரொம்ப நெருங்கிய ஆறு பேருக்கு மட்டும் கூடவே ஒரு மெழுகுவத்தி.

அடித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமல்லவா? பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அழகான போத்தலில் கொடுப்பது வேண்டவே வேண்டாம். புளிப்பில்லாத, காற்றுப் புகாத இடத்தில் போட்யூலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். நிறம் மாறாது, வாடை வராது, ஆளைச் சாய்த்துவிடும். சாக்லெட் உருண்டை நம் வெயிலில் உங்கள் கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் குழம்பாகிவிடும். தண்ணீரில் போட்டால் பொங்குகிற குளியல் உருண்டை இங்கே காற்றிலுள்ள ஈரத்துக்கே பொங்கிப் பிளந்துவிடும். அதோடு, நம் ஆட்களில் எத்தனை பேர் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது? இஞ்சி ரொட்டி வீடு இரண்டாம் நாள் கூரை தொங்கிவிடும். ரம் ஊற்றிய கேக்கை ஆபீசில் மலாய்த் தோழிகளுக்குக் கொடுக்க முடியாது. நம் ஊரில் வீட்டுப் பரிசுக்கு எதிரி ஈரம் ஒன்றுதான். கீழே நான் சொல்வதில் பாதி அதைத் துரத்துகிற வேலை.

நெய் பிஸ்கட்டிலிருந்து தொடங்கு. முட்டை கிடையாது, அதனால் சைவக்காரர்களுக்கும் கொடுக்கலாம். நெய், மாவு, சீனி மூன்றும் ஹலால் முத்திரை உள்ளதாக வாங்கிவிட்டால் எல்லார் வீட்டுக்கும் போகும். கோதுமை மாவு 950 கிராம் எடுத்து, இரண்டு பண்டான் (ரம்பை) இலையை முடிச்சுப் போட்டு, அகலச் சட்டியில் சின்னத் தீயில் வறு. இலை கையில் நொறுங்குகிற பதம் வந்தால் மாவின் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். நிறம் மாறக் கூடாது. ஆறவிட்டுச் சலித்து மறுபடி நிறுத்தால் 850 கிராம் சுமாருக்கு நிற்கும். இந்த இரண்டாவது எடைதான் கணக்கு. வறுக்காமல் போட்டாலும் பிஸ்கட் வரும், ஆனால் வாயில் கரையாது, ஒரு வாரத்தில் நமத்தும் போகும்.

500 கிராம் நெய்யோடு 350 கிராம் ஐசிங் சீனியைக் கரண்டியால் வெளுக்கும்வரை குழை. நெய் மணல்மணலாக, பாதி உறைந்த நிலையில் இருக்க வேண்டும். உருக்கி ஊற்றினால் அடுப்பில் பிஸ்கட் பரந்து அப்பளமாகிவிடும். உப்பு அரைத் தேக்கரண்டி, சோடா மாவு அரைத் தேக்கரண்டி. சோடாவைக் கூட்டாதே, சவர்க்கார வாடை வரும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கையால் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில் நிறுத்திக்கொள். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி நெய், கையில் ஒட்டினால் இருபது நிமிடம் குளிர்பெட்டி. மூடி ஒரு ராத்திரி வைத்துவிடு, மாவு நெய்யைக் குடிக்க நேரம் வேண்டும்.

மறுநாள் 12 கிராம் உருண்டைகளாக உருட்டு. முதல் உருண்டையை நிறுத்துப் பார்த்துவிட்டால் மற்றதற்குக் கையே தராசு. 150 டிகிரியில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். மேலே மெல்லிய வெடிப்பு விழ வேண்டும், அடிப்பாகம் லேசான சந்தன நிறத்தைத் தாண்டக் கூடாது. வெளியே எடுத்ததும் தொட்டால் பொடிந்துவிடும், பத்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும். மேலே தூவும் சீனியைச் சூட்டில் தூவினால் உருகிப் பிசுபிசுக்கும், முழுக்க ஆறினபின் தூவினால் ஒட்டாது. வெதுவெதுப்பில் ஒருமுறை, ஆறியதும் இன்னொரு முறை. சுமார் நூற்று நாற்பது வரும். போத்தலுக்குப் பன்னிரண்டு வைத்தால் பதினோரு போத்தல், மிச்சம் எட்டு உன் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

போத்தலில் அடைக்க இரண்டு மணி நேரமாவது பொறு. இத்தனை பாடுபட்டும் சிலருடைய பிஸ்கட் ஏன் நமத்துப்போகிறது என்றால் இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான். கையில் சூடு தெரியாவிட்டாலும் நடுவில் சூடு இருக்கும், அது ஆவியாகி மூடியில் வேர்த்துச் சொட்டும். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாங்குவோமே, அந்தச் சிவப்பு மூடிப் போத்தல் போதும், கண்ணாடி வேண்டாம். கழுவி ஒரு நாள் வெயிலில் காயவை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டு.

கறித்தூள் என்றதும் முகம் சுளிக்காதே. சீனத் தோழிகளுக்கு நம் வீட்டுக் கறித்தூளைவிட நல்ல பரிசு எது? கடையில் இந்தக் கணக்கில் வாங்கு: மல்லி 500 கிராம், காய்ந்த மிளகாய் 200, சீரகம் 75, சோம்பு 75, மிளகு 50, மஞ்சள் கிழங்கு 50, பட்டை 15, கிராம்பு 5, ஏலம் 5. இங்கே பாலிக் பூலாவ் ஜாதிக்காய் ஒன்று அனுப்புகிறேன், அதையும் தட்டிப் போடு. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மில்லில் இதைவிடக் குறைவாகக் கொடுத்தால் அரைக்கத் தயங்குவார்கள், அதனால்தான் இந்த அளவு. உங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், காலை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து ஒரு மணிக்குள் உள்ளே எடுத்துவிடு. மிளகாயை உடைத்தால் சடக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். மில்லிலிருந்து தூள் சுடச்சுட வரும். செய்தித்தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பொட்டலம் போடு, இல்லாவிட்டால் கட்டி தட்டும். நூறு கிராம் வீதம் ஒன்பது. பொட்டலத்தில் எப்படிச் சமைப்பது என்று மூன்று வரி எழுது: அரைக் கிலோ கோழிக்கு மூன்று மேசைக்கரண்டி, தண்ணீரில் குழைத்து, வெங்காயம் வதங்கினபின் எண்ணெய் பிரியும்வரை கிளறு. அது இல்லாவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸ்வரை அலமாரியில் கிடக்கும்.

மெழுகுவத்திக்குச் சோயா மெழுகு வாங்கு. ஜாம் போத்தல் ஆறு, வாய் ஆறு ஏழு சென்டிமீட்டர் அகலம், தடித்த கண்ணாடி. எவ்வளவு மெழுகு வேண்டும் என்று கண்டுபிடிக்க, நிரப்ப வேண்டிய உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி எடை பார், அதில் பத்தில் ஒன்பது பங்கு மெழுகு. 160 கிராம் தண்ணீர் பிடித்தால் 144 கிராம். ஆறு போத்தலுக்கு 864. அதில் மெழுகு 815, செரை (எலுமிச்சம்புல்) எண்ணெய் 49, அதாவது மெழுகின் எடையில் நூற்றுக்கு ஆறு. வாசம் தூக்கலாக வேண்டுமென்று எண்ணெயைக் கூட்டினால் மெழுகு அதை வைத்துக்கொள்ளாது, மேலே வேர்த்து நிற்கும்.

பானையை நேரே நெருப்பில் வைக்காதே. கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கு. தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடு. 75 டிகிரி வந்ததும் இறக்கி, எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கி, 58 டிகிரி சுமாருக்கு ஆறினதும் ஊற்று. திரி நட்டுக்குத்தலாக நிற்க, போத்தல் வாயில் இறைச்சி கோக்கும் சாத்தே குச்சி இரண்டைக் குறுக்கே வைத்து நடுவில் திரியைக் கவ்விக்கொள். குளிர்சாதன அறையில் வைக்காதே, சட்டென்று இறுகினால் மெழுகு கண்ணாடியை விட்டு விலகித் திட்டுத்திட்டாகத் தெரியும். நிறத்துக்கு மெழுகு வர்ணக்குச்சியை உரசிப் போடும் யோசனையையும் அடித்துவிட்டேன், அந்த வர்ணம் திரியை அடைத்துவிடும். திரி மெல்லியதாக இருந்தால் நடுவில் கிணறு தோண்டிக்கொண்டு இறங்கும், சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கும். கடையில் வாய் அகலத்தைச் சொல்லித் திரி கேள். ஒன்றை மட்டும் முதலில் ஊற்றி எரித்துப் பார்த்துவிட்டு மற்ற ஐந்தை ஊற்றினால் நல்லது.

ஆறினதும் திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டி, மூடி, இரண்டு வாரம் விடு. வாசம் அப்போதுதான் மெழுகில் இறங்கும். ஆகவே டிசம்பர் 6-க்குள் ஊற்றியாக வேண்டும். கொடுக்கும்போது ஒரு சீட்டு வை: முதல் தடவை மெழுகு ஓரம்வரை உருகும்வரை எரிய விட வேண்டும், காருக்குள் வைக்கக் கூடாது. மிச்ச மெழுகை சிங்க்கில் ஊற்றாதே, குழாய் அடைத்துக்கொள்ளும்.

அச்சு முறுக்கைப் பரிசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், போகிற வழியிலேயே உடையும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு 23-ஆம் தேதி சுடு. ஒட்டுகிறது என்று எழுதியிருந்தாய். அச்சு சூடாகாவிட்டால் மாவு பிடிக்காது, மாவில் சீனி கூடினால் அச்சை விட்டுக் கழலாது, மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டினால் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். முக்கால் உயரம்வரைதான் முக்கு. ஒவ்வொரு முறையும் மாவை அடியிலிருந்து கலக்கு, அரிசி மாவு கீழே தங்கிவிடும், மேலே இருக்கிற தண்ணீரில் முக்கினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். எண்ணெயில் நுரை அடங்கினதும் எடுத்துவிடு, வெளியே வந்தும் ஒரு சாயல் கறுக்கும்.

கட்டுவதற்குப் பளபளப்புத் தாள் வாங்காதே. பழைய பருத்திச் சேலையிலிருந்து 45 சென்டிமீட்டர் சதுரமாகக் கிழித்து, போத்தலை நடுவில் வைத்து எதிரெதிர் முனைகளை முடிச்சுப் போடு. சின்னப் போத்தலுக்கு அது தாராளம். செய்த தேதியையும், பால், கோதுமை சேர்ந்தது என்பதையும் அட்டையில் எழுது. பிஸ்கட் மாவை 17-ஆம் தேதி ராத்திரி பிசைந்தால் 20-க்குள் கொடுத்து முடித்துவிடலாம்.

பித்தளை அச்சு புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் பழைய அச்சை எண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டுப் பார். அப்போதும் ஒட்டினால் எழுது, இங்கே பார்த்து வாங்கி ஜாதிக்காயோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஸ்டெல்லா