அந்தத் தகரத் தொட்டி

கண்ணு,

நீ கேட்ட, அப்பாவின் இடுப்புக் குளியல் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். அடியில் லேசாகத் துரு. லாரி ஆபீசில் கேட்டேன், போட்டுவிடலாம் என்றார்கள். நான்தான் இன்னும் போடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பழம் மட்டும் போதாது. கேழ்வரகு மாவு அனுப்பினேனே, வந்ததா? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். தீபாவளிக்கு வந்தபோது உன் பையில் சர்க்கரை மாத்திரை இருந்தது. பொங்கலுக்கு வந்தபோது அதைக் காணவில்லை. மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. காபியை விட்டாய், விடிகாலையில் நடக்கிறாய். அப்பா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். எல்லா நோய்க்கும் வேர் ஒன்றுதான், உடம்பில் தேங்கிய கழிவு என்று ஜெர்மன் இயற்கை வைத்தியர் லூயி குனே சொன்னது அவருக்கு வேதம். 1883இல் லைப்சிக்கில் குனே நிலையம் தொடங்கியதை நேரில் பார்த்தவர் மாதிரி பேசுவார். பம்பாயில் 1902இல் காந்தியின் மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூடவே நிமோனியா. முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். காந்தி மறுத்துவிட்டு, குனேயின் இடுப்புக் குளியலும் ஈரத்துணிச் சுற்றும் ஆரஞ்சுச் சாறுமாகப் பார்த்துக்கொண்டார். மணிலாலுக்கு அப்போது பத்து வயது. உனக்கும் பத்து வயதில் காய்ச்சல் வந்தது. அப்பாவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நீ தேறிய கதையை உன் கல்யாணத்தில்கூடச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கண்ணு, நாலாம் நாள் அவர் வெளியே போன நேரத்தில் டாக்டரிடம் ஓடினேன். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினேன். கசக்குது என்றாய். நிலவேம்பு என்றேன். பதினாலு நாள் கொடுத்தேன். சீட்டை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். இரவெல்லாம் துணி பிழிந்து வெளுத்துப்போன அவர் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவர் போகும்வரை சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

பிள்ளை பிழைத்தது கடவுள் அருளாலா, நீர் சிகிச்சையாலா, பத்தியத்தாலா, யார் சொல்ல முடியும் என்றுதான் காந்தியே எழுதினார். 1924இல் புனேயில் குடல்வால் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். நம் வீட்டில்தான் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. அது என்னால்.

சனிக்கிழமை வருகிறேன். மருந்துச் சீட்டை எடுத்து வை, டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். மாவு வந்ததா என்று நீ சொல்லவே இல்லை.

அம்மா