சலவை இயந்திரம் வாங்குமுன் அதைத் திருத்த வருபவர் யாரென்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

சலவை இயந்திரத்தையும் உலர்த்தும் இயந்திரத்தையும் எங்கே வாங்குவது என்ற கேள்வி கொழும்பில் தொடர்மாடிகளில் குடியிருப்போரிடையே இப்போது அடிக்கடி எழுகின்றது. வளவும் கொடிக்கயிறும் இருந்த வீடுகள் பல இடிக்கப்பட்டு மாடிகளாகிவிட்டன. பலகணியில் துணி தொங்கவிடக் கூடாதென்று பல முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்கள் விதி வைத்துள்ளன. மே மாதத்திலும், பின்னர் ஒக்டோபர், நவம்பரிலும் மழை பிடித்துக்கொண்டால், கதிரை முதுகில் விரித்த பாடசாலைச் சீருடை மறுநாள் காலையிலும் ஈரமாகவே கிடக்கும். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நிர்வாகக் குழுச் செயலாளர் என்ற முறையில், லொறியிலிருந்து இறங்கும் பெட்டிகளையும் அவற்றைத் தொடர்ந்து வரும் முறைப்பாடுகளையும் பல வருடங்களாகப் பார்த்து வருபவள் என்பதால், இது பற்றிச் சில விடயங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் விலையை விசாரிக்கின்றார்கள். காலி வீதியில் ஒரு காட்சியறை, புறக்கோட்டையில் ஒரு கடை, கைபேசியில் ஓர் இணையத்தளம் என்று ஒப்பிட்டு, எங்கே சில ஆயிரம் ரூபாய் குறைகின்றதோ அங்கே வாங்கிவிடுகின்றார்கள். எனது அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. பத்து வருடம் பாவிக்க வேண்டிய பொருள் இது. அது பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே கடையைத் தெரிவு செய்ய வேண்டும். எந்த மாதிரியை வாங்குவது என்பது அதற்கு அடுத்தபடியாகத் தீர்மானிக்க வேண்டியது.

கொழும்பில் இவ்வியந்திரங்கள் இரண்டு வழிகளில் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, ஒரு வர்த்தகப் பெயரை இந்நாட்டில் விற்கும் உரிமை பெற்ற ஏக விநியோகஸ்தர் வழி. எல்ஜி என்றால் அபான்ஸ் நிறுவனம் என்பது பலருக்கும் தெரியும்; 1877ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வியாபாரம் செய்துவரும் சிங்கர் நிறுவனத்துக்கும் நாடெங்கும் கிளைகள் உண்டு. இத்தகைய நிறுவனங்கள் தமக்கெனச் சேவைப் பிரிவுகளை வைத்திருக்கின்றன. மற்றையது, தனி இறக்குமதியாளர் வழி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவையும் அதனை அண்டிய தெருக்களையும் சுற்றினால், அதே வர்த்தகப் பெயர் பொறித்த இயந்திரம் குறைந்த விலைக்குக் கிடைக்கக்கூடும். ஆனால் அங்கே தரப்படுவது ‘கடை வொரண்டி’. அதாவது, உத்தரவாதம் அந்தக் கடைக்காரர் தருவதே தவிர, அந்தப் பெயருக்குரிய விநியோகஸ்தர் தருவதன்று. கடைக்காரர் நேர்மையானவராக இருக்கலாம். பலர் அப்படித்தான் இருக்கின்றார்கள். ஆயினும் வேறொரு நாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்ட மாதிரிக்கு இங்கே மின்சுற்றுப் பலகை கிடைக்காவிட்டால் அவருடைய நேர்மையும் துணி துவைக்க உதவாது.

உத்தரவாதம் பற்றிப் பேசும்போது, காட்சியறைகளில் இயந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் ‘10 வருட உத்தரவாதம்’ என்ற பெரிய ஒட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பத்து வருடம் பெரும்பாலும் மோட்டருக்கு மாத்திரமே உரியது. இன்வேர்ட்டர் மோட்டர் இலகுவில் பழுதாவதில்லை. நம் வீடுகளில் முதலில் கைவிடுவது மின்சுற்றுப் பலகை. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும், கடற்காற்றின் உப்பும் குளியலறையின் ஈரமும் சேரும்போதும் அடிபடுவது அதுதான். அடுத்தது வடிகால் பம்பி, அதன்பின் கதவு இறப்பர். இவற்றுக்கான உத்தரவாதக் காலம் மோட்டருக்குரியதை விட மிகக் குறைவானது. ஆகவே, “மோட்டருக்கு எத்தனை வருடம்?” என்று கேட்காமல், “போர்டுக்கு எத்தனை வருடம், திருத்துநர் வந்துபோகும் கூலியும் அதற்குள் அடங்குமா?” என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்கமாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டித் தருவதும் விலையின் ஒரு பகுதியே. முன்பக்கத்தால் துணி போடும் இயந்திரங்களின் உட்தொட்டி, கப்பலிலும் லொறியிலும் ஆடாதிருக்கப் பின்புறத்தில் நீண்ட போக்குவரத்து ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். இயக்குமுன் அவற்றைக் கழற்றியாக வேண்டும். எங்கள் மாடியில் ஒரு குடும்பத்தினர் மலிவாக வாங்கிய இயந்திரத்தைக் கடையின் ஆட்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆணி கழற்றப்படாமலே முதன்முறை சுழன்றபோது, அது குளியலறைச் சுவரிலிருந்து கதவுவரை நகர்ந்து வந்து, நீர்க்குழாயையும் பிடுங்கிக்கொண்டது. கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்ததால் விடயம் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. அந்தக் கடை, “பூட்டுவது எங்கள் பொறுப்பல்ல, பில்லில் இருக்கின்றது” என்று சொல்லிவிட்டது. உண்மைதான், பில்லில் இருந்தது. சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில்.

நீர் அமுக்கமும் பலருக்கு வாங்கிய பின்னரே தெரியவரும் சங்கதி. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையே பத்து மீற்றர் உயரம் இருந்தால் ஏறக்குறைய ஒரு ‘பார்’ என்ற அளவு அமுக்கம் கிடைக்கும். மூன்று மீற்றர் என்றால் அதில் மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே, மேல் மாடியில் இருப்பவர்களுக்குத்தான் நீர் மெதுவாக வரும். முழுத் தானியங்கி இயந்திரம் நீர் நிரம்பக் காத்திருந்து, பின்னர் பிழைக்குறியீடு ஒன்றைக் காட்டி நின்றுவிடும். ‘மெஷின் பழுது’ என்று எனக்கு வந்த முறைப்பாடுகளில் சில இவ்வகையைச் சேர்ந்தவை. மாதிரியின் குறைந்தபட்ச அமுக்கம் கைநூலில் இருக்கும். விற்பனையாளரிடம் அதைக் கேட்டால் அவர் தேடிப் பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் “அதெல்லாம் பிரச்சினை இல்லை அக்கா” என்று சொல்வாராயின் வேறு கடைக்குப் போகலாம்.

உலர்த்தும் இயந்திரத்தின் விடயத்தில் கடையின் தெரிவு இன்னும் முக்கியமாகின்றது. ஏனெனில் பல காட்சியறைகளில் சலவை இயந்திரங்கள் வரிசையாக நிற்க, உலர்த்தி ஒன்றோ இரண்டோதான் மூலையில் நிற்கும்; அதைப் பற்றி அறிந்த விற்பனையாளரைக் காண்பதும் அரிது. அடிப்படையில் மூன்று வகைகள் உண்டு. சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றுவது ஒன்று. சுவரில் துளையிட அனுமதியில்லாத தொடர்மாடிக்கு அது ஒத்துவராது. ஆவியைக் குளிரவைத்து நீராக ஒரு தட்டில் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது வெப்பப் பம்பி வகை. அது வெப்பத்தை வெளியே விடாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால், முன்னைய இரண்டில் ஒன்று செலவிடும் மின்சாரத்தில் ஏறக்குறைய அரைவாசியுடன் வேலையை முடிக்கின்றது. ஆனால் விலை கூட, நேரமும் கூட. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலை முதல் தன் சந்தைக்கு வரும் புதிய உலர்த்திகளுக்கு விதித்துள்ள சக்தித் தரத்தை இந்த மூன்றாவது வகையே எட்டுகின்றது என்பதையும் கவனிக்கலாம்.

நமது மின்சாரப் பட்டியல், பாவனை கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிமுறைக் கட்டணத்தில் ஓடுவதால் இந்த வேறுபாடு பணமாகவே தெரியும். மாதம் 130 யூனிட் பாவிக்கும் ஒரு வீடு, மாதத்தில் பதினைந்து தடவை துணி உலர்த்துகின்றது என்று வைத்துக்கொள்வோம். தடவைக்கு நான்கு யூனிட் எடுக்கும் பழைய வகை, 60 யூனிட்டைக் கூட்டி மொத்தத்தை 190க்குக் கொண்டுபோய், 180 என்ற எல்லையைக் கடக்கவைத்துவிடும். அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கே ஆகக்கூடிய விலை. இரண்டு யூனிட் எடுக்கும் வெப்பப் பம்பி வகையோ 160இல் நிற்கும். விலைத் துண்டில் தெரியும் வித்தியாசத்தை மாத்திரம் பார்த்து மலிவானதை எடுப்பவர், மிச்சப்படுத்திய பணத்தைச் சில வருடங்களில் மின்சாரக் கட்டணமாகக் கட்டிவிடுவார்.

இரண்டையும் ஒன்றாகச் செய்யும் கூட்டு இயந்திரம் சிறிய வீடுகளுக்கு நல்ல யோசனையாகத் தோன்றும். அதன் முகப்பில் 8 என்றும் 5 என்றும் இரண்டு எண்கள் இருந்தால், எட்டுக் கிலோ துவைக்கலாம், ஐந்து கிலோதான் உலர்த்தலாம் என்பது அதன் பொருள். எட்டுக் கிலோ துவைத்தால் மூன்று கிலோவை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். இவற்றுள் பல, உலர்த்தும்போதும் ஆவியைக் குளிர்விக்கக் குழாய்நீரைச் செலவிடுகின்றன. நால்வர், ஐவர் உள்ள வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். தனியாக வாழ்பவருக்குப் போதும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் உழைத்துத் திரும்புவோர் கட்டுநாயக்க வருகை மண்டபத்துத் தீர்வையற்ற கடைகளில் வாங்குவது வழமை. அங்கும் உத்தரவாதம் யாருடையது என்று கேட்பதே முறை. கனடாவிலிருந்து கொள்கலனில் வீட்டுச் சாமான்களோடு இயந்திரத்தையும் அனுப்ப நினைக்கும் பிள்ளைகளை, பெற்றோர் அன்போடு தடுக்க வேண்டும். அங்கே சலவை இயந்திரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டன் இயந்திரம் மின்சாரத்தால் ஒத்துப்போகும், உதிரிப்பாகத்துக்கு மட்டும் லண்டனுக்கே எழுத வேண்டும்.

தவணை முறையைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாகிவிட்ட நிலையில், முழுப்பணத்தையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுக்கக்கூடிய குடும்பங்கள் குறைவு. ஆனால் தங்கள் பத்திரிகை உட்பட நாளிதழ்களில் வரும் முழுப்பக்க விளம்பரங்களில் மாதத் தவணை கொட்டை எழுத்திலும், மொத்தத் தொகை உருப்பெருக்கிக்கு உரிய எழுத்திலும் அச்சாகின்றன. ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லும் கடையில் “கைக்காசுக்கு எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கணிசமாகக் குறைப்பார்களாயின், அந்த வித்தியாசமே வட்டி. கடனட்டைத் தவணைக்கு வங்கி அறவிடும் சேவைக் கட்டணத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கும் வருட முடிவுக்கும் வரும் கழிவுகள் உண்மையானவையா என்பதை, ஒரு மாதம் முன்னரே விலைத் துண்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்தவர் மாத்திரமே அறிவார்.

இவ்வளவு கவனித்தும் ஏமாற்றம் நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கின்றது; அதன் துரித இலக்கம் 1977. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றிய முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. “அடுத்த வாரம் ஆள் வருவார்” என்று கடை நாளைக் கடத்தும்போது ஓடிக்கொண்டிருப்பது இந்த மூன்று மாதந்தான். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் ஒன்றாக வைத்திருங்கள். அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வெப்பத்தால் அச்சடிக்கும் பில் ஒரு வருடத்தில் வெளிறிவிடும் என்பதால் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

அதிகாரசபையிடமும் விற்பனை நிறுவனங்களிடமும் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. உத்தரவாத நிபந்தனைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுத் தர வேண்டும். கொழும்பில் தமிழ் வாடிக்கையாளரிடம் தமிழில் பேசி விற்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அதே மொழியில் நிபந்தனை எழுதுவது கடினமாக இராது. அடுத்து, விளம்பரத்தில் மாதத் தவணை எந்த அளவு எழுத்தில் வருகின்றதோ அதே அளவு எழுத்தில் மொத்த விலையும் வர வேண்டும். முதலாவது கோரிக்கையை ஏற்பதில் தமக்குள்ள தடை என்னவென்பதை நிறுவனங்களின் சேவைப் பிரிவினர் இதே பகுதியில் எழுதுவார்களாயின் நன்று. இரண்டாவதில், விளம்பரங்களை ஏற்கும் பத்திரிகை என்ற வகையில் தாங்களும் ஏதேனும் செய்ய முடியுமென்று நம்புகின்றேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
தொடர்மாடிவாசி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.