கடற்கரைப் பந்தும் ஒரு விண்கலமும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய திரைக்கதையும் கிடைத்தன. கல்லூரி நாட்களில் நாம் இரவிரவாகப் பேசிப் பேசிக் கைவிட்ட அந்த விண்வெளி நகைச்சுவைப் படத்தை, பணி ஓய்வு பெற்ற கையோடு உண்மையாகவே எடுக்கப் போகிறாய் என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே உன் திரைக்கதையை இரண்டு முறை படித்துவிட்டு, ஜான் கார்பென்டர் இயக்கிய 'டார்க் ஸ்டார்' என்ற விண்வெளி நகைச்சுவைப் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கையில் காசில்லாமல் விண்வெளிக்குப் போக நினைப்பவன் கற்றுக்கொள்ள அந்தப் படத்தில் நிறைய இருக்கிறது.

அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் படமாகத் தொடங்கிய அது, ஜாக் ஹாரிஸ் என்ற தயாரிப்பாளர் பணம் போட்ட பிறகு முழுநீளப் படமாக வளர்ந்து 1974-இல் வெளிவந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 60,000 டாலர். 1968-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' என்ற விண்வெளிப் படத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஆயிற்று என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். இயக்கியதோடு இசையையும் கார்பென்டரே அமைத்தார். அவருடன் சேர்ந்து எழுதிய டான் ஓபானன், நடிப்பு, படத்தொகுப்பு, தந்திரக் காட்சிகள் என்று மற்ற பாரத்தை எல்லாம் தன் தலையில் ஏற்றுக்கொண்டார்.

வேற்றுக்கிரக உயிரினம் வேண்டும், பொம்மை செய்யப் பணமில்லை. ஆகவே காற்றடைத்த கடற்கரைப் பந்து ஒன்றுக்கு வண்ணம் பூசி, அடியில் நகம் வைத்த இரண்டு பாதங்களைப் பொருத்திவிட்டார்கள். அது பந்து என்பது பார்த்த கணமே தெரிகிறது. ஆனால் பின்பேக் என்ற பாத்திரமாக வரும் ஓபானன், அதைப் பந்தாக நினைக்கவே இல்லை. தான் வளர்க்கும் பிராணி சாப்பிட மறுக்கிறதே என்று உள்ளபடியே நொந்துகொள்கிறார், தப்பித்து ஓடியதும் பதறித் துரத்துகிறார், கடைசியில் மின்தூக்கி ஏறி இறங்கும் ஆழ்குழியில் கையால் தொற்றிக்கொண்டு உயிருக்குப் போராடுகிறார். மின்தூக்கியின் அடித்தளத் துவாரத்தில் உடல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவர் சிக்கிக்கொள்ளும்போது இனிமையான இசை ஒலிக்கிறது. சண்டைக்காட்சிக்குரிய மூச்சடைப்பு முழுவதும் அதில் இருக்கிறது; எதிரியோ ஒரு பந்து, களமோ ஒரு குழி. நடிகர் ஒருமுறை கண்ணடித்திருந்தால்கூட எல்லாம் கெட்டிருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வெடிகுண்டுக் காட்சி. நிலையற்ற கிரகங்களைத் தகர்ப்பதுதான் படத்தில் வரும் விண்கலத்தின் வேலை. குண்டுகளோ சிந்திக்கவும் பேசவும் தெரிந்தவை. இருபதாம் எண் குண்டு கழன்று விழாமல் கலத்தின் அடியிலேயே மாட்டிக்கொண்டு, குறித்த நேரத்தில் வெடித்தே தீருவேன் என்கிறது. கலத்தின் பொறுப்பில் இருக்கும் டூலிட்டில் விண்வெளி உடையுடன் வெளியே போய், வெடிக்கும்படி உனக்குக் கட்டளை வந்தது உண்மைதான் என்பது உனக்கு எப்படித் தெரியும், உன் புலன்கள் சொல்வதை நீ நம்புவதற்கு என்ன ஆதாரம் என்று அதற்குத் தத்துவம் போதிக்கிறார். ஒரு மனிதன், ஒரு குண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். செலவு என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. பாடம் கேட்ட குண்டு பின்னர் தன்னைத் தவிர வேறெதுவும் இல்லை என்ற முடிவுக்கு வருவதைப் பார்க்கும்போது சிரிப்பும் திகிலும் ஒன்றாக எழுகின்றன.

படத்தின் நடுப்பகுதி தொய்வு என்பதையும் சொல்ல வேண்டும். மாணவர் படத்தை நீளமாக்க வேண்டியிருந்த நெருக்கடி சில காட்சிகளில் தெரிகிறது. ஆனாலும் ஒரே கலத்துக்குள் பல ஆண்டுகள் அடைந்து கிடந்து தாடி வளர்ந்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் போன அந்த மாலுமிகள் நால்வரையும் நம்ப முடிகிறது.

இனி உன் திரைக்கதைக்கு வருகிறேன். நாற்பது கொள்ளைக் கலங்கள் சூழ்ந்து தாக்கும் உச்சக்காட்சியை அருள்கூர்ந்து எடுத்துவிடு. அதைக் கணினியில் வரைந்து முடிப்பதற்குள் உன் சேமிப்பு கரைந்துவிடும். கரைந்த பிறகும், பெரிய படங்களில் பார்த்ததன் மங்கிய நகலாகத்தான் தெரியும். உன் கையில் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில், கலத்தின் வெளிக்கதவு திறக்க மறுக்க, கடவுச்சொல்லை மறந்துபோன மாலுமி அந்தக் கதவிடமே மன்னிப்புக் கேட்கிறானே, அதைப் படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே இருப்பவனுக்கு மூச்சுக்காற்று குறைந்துகொண்டே போகட்டும். வெளியே இருப்பவன் குரலை உயர்த்தாமல் கதவுடன் வாதாடட்டும். சண்டை, சிரிப்பு இரண்டும் அங்கேயே கிடைத்துவிடும். விண்வெளியில் ஒலி பரவக் காற்றில்லை. ஆகவே கலத்துக்கு வெளியே நடக்கும் மோதல்களுக்குத் தலைக்கவசத்துக்குள் கேட்கும் மூச்சொலி மட்டும் போதும். அறிவியலும் பிழைக்கும், ஒலிப்பதிவுச் செலவும் மிஞ்சும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கடற்கரைப் பந்துக்குப் பார்வையாளர்கள் தான் எதிர்பார்த்த அளவுக்குச் சிரிக்கவில்லை என்ற ஏமாற்றம் ஓபானனுக்கு இருந்தது. கலத்துக்குள் ஓர் அந்நிய உயிர், அதைத் தேடி அலையும் மாலுமிகள் என்ற அதே கருவை அவர் அச்சமூட்டும் கதையாகத் திருப்பி எழுதினார். அதுதான் 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் 'ஏலியன்' ஆக வந்தது. அதனால் உன் முதல் படத்தில் ஏதேனும் ஒரு காட்சி நினைத்தபடி வராமல் போனாலும் அதைக் குப்பையில் போட்டுவிடாதே, குறித்து வை.

கதவுக் காட்சியைத் திருத்தி எழுதியதும் அனுப்பு. கதவுக்குக் குரல் கொடுக்க ஆள் தேடுகிறாய் என்று எழுதியிருந்தாய். வேறு யாரும் கிடைக்காவிட்டால் அல்ல, முதலிலேயே என்னைக் கேள்.

என்றும் அன்புடன்,
ராகவன்