அந்த இரண்டாவது சுகர் டெஸ்ட்

அன்புள்ள மகளுக்கு,

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் பார்த்த சுகர் சரியாகத்தானே இருந்தது, மறுபடி எதற்கு என்று கேட்டிருந்தாய். அப்போது உன் நஞ்சுக்கொடி சின்னதும்மா. அது வளர வளர, அதில் சுரக்கும் ஹார்மோன்கள் உன் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். ஐந்தாம் மாதத்துக்குமேல் அந்தத் தடை ஏறிக்கொண்டே போகும். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டினால் தப்பித்தாய். முடியாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பப் பார்க்கிறார்கள். தாகம், களைப்பு வந்தால் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இருக்காது.

ஒல்லியானவளுக்கு வராது என்று உன்னிடம் சொன்னது யார்? உடல் பருமன் பெரிய காரணம்தான், ஆனால் ஒரே காரணம் இல்லை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை. உனக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருந்தது. வயதும் 35ஐத் தாண்டிவிட்டது. முந்தைய பிரசவத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கும், 4 கிலோவுக்குமேல் குழந்தை பெற்றவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். உனக்கு இது தலைப்பிரசவம், அந்தக் கணக்கு வேண்டாம்.

டெஸ்டுக்கு முன் குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் உட்கார்ந்தே இரு. வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிடு, இன்னொரு நாள் செய்ய வேண்டியிருக்கும். அளவு நன்றாக வரட்டும் என்று முந்தைய நாட்களில் மாவுச்சத்தைக் குறைக்கும் சாமர்த்தியம் வேண்டாம், அது அளவை ஏற்றிக் காட்டக்கூடும். ரத்தச் சர்க்கரை (மி.கி./டெ.லி.) வெறும் வயிற்றில் 92, குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இதில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். சில மருத்துவமனைகளில் முறை வேறு, அளவும் வேறு.

குழந்தைக்கு என்ன ஆகும் என்றுதானே பயம்? உன் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், உன் இன்சுலின் போகாது. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைக் கொட்டும். அதனால் கொழுப்பு சேர்ந்து, தோளும் வயிறும் பெருக்கும். தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது; சிசேரியனும் கூடுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நிற்கும், இன்சுலின் மட்டும் குறையாமல் இருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது இதனால்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடு. குதிகாலில் குத்திச் சோதிப்பார்கள், பதறாதே. மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறலும் வரலாம். உனக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்.

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் பட்டினி கிடக்காதே, உடல் கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறும். மாவுச்சத்தைப் பல வேளையாகப் பிரித்துச் சாப்பிடு. காலையில்தான் இன்சுலின் தடை அதிகம், அந்த வேளை மட்டும் இன்னும் குறைவாக. சாப்பிட்டபின் 15 நிமிடம் நட. வீட்டில் சோதிக்கும்போது கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்து, விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே அளவு ஏறிவிடும். வெறும் வயிற்றில் 95க்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்கும் கீழே இருக்க வேண்டும். அப்படியும் அடங்காமல் இன்சுலின் போடச் சொன்னால் போட்டுக்கொள்.

பிரசவத்தோடு பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். எல்லோரும் கோட்டைவிடுவது அங்கேதான். இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிரசவம் முடிந்த 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் டெஸ்ட், அதன்பின் 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே உன் தேதியையும் எழுதி வை.

அம்மா