பொன்னாடை வேண்டாம், பம்ப் ரூம் சாவியைக் கொடுங்கள்

மரம் நடும் தம்பி தங்கைகளுக்கு,

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுகிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். போன ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று புறம்போக்கில் கன்று நட என்னையும் கூப்பிட்டீர்கள். சந்தோஷமாகத்தான் வந்தேன். ரோட்டை விட்டு இறங்கியதும் என் மூன்று சக்கர வண்டி மணலில் புதைந்தது, நாலு பேர் வண்டியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் வைத்தீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள், ஒரு வேப்பங்கன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தீர்கள், அப்புறம் அதே கன்றை வாங்கிக்கொண்டு போய் வேறு யாரோ நட்டார்கள். போலியோவில் போனது கால்தான் தம்பி. கை இருபது வருஷமாகத் தைக்கிற கை.

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

அன்று நட்டதில் பாதிக்கு மேல் ஆடி முடிவதற்குள் கருகிவிட்டது. ஜூனில் நம் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மண்ணை வாரி அடிக்கும், ஊற்றுகிற தண்ணீரை மணல் அப்படியே குடித்துவிடும், நமக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான். ஊரெல்லாம் அன்றைக்கு நடுகிறது என்று நாமும் நட்டால் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாமா? நீங்கள் வேலைக்கும் காலேஜுக்கும் ராமநாதபுரம் போய்விடுகிறீர்கள். ஊரிலேயே கிடப்பது நான், கண் தெரியாத எங்கள் தெருக் காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), ஐஸ் கம்பெனித் தெருவில் காது கேளாத தங்கச்சி. எங்களை யாரும் கேட்கவில்லை. நூறு நாள் வேலையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கியிருந்த வேலைகளில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றாக இருந்தது, அரசாங்கத்துக்கே தெரிந்த சங்கதி இது.

காக்கா வீட்டு முற்றத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஆட்காட்டி விரலை இரண்டாம் கணு வரைக்கும் மண்ணுக்குள் விடுவார். "மேலதான் காஞ்சிருக்கு, உள்ள ஈரம் இருக்கு, இன்னைக்கு வேணாம்" என்பார். கத்தரி இலையை அடியில் தடவிப் பிசுபிசுப்பு தட்டினால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார், எனக்கோ கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

அந்தப் புறம்போக்கில் பாத்தி கட்ட ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கிணற்று உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய இரண்டடி உயரம். உள்ளே செம்மண், ஆட்டு எரு, நல்ல தண்ணீரில் அலசிய தென்னைநார்க் கழிவு. அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பே செடியைக் கொன்றுவிடும். வண்டியில் உட்கார்ந்தபடி களை பிடுங்கலாம், முதுகு வளையாத பாட்டிகளுக்கும் ஆகும், தரை உவரும் வேருக்கு ஏறாது. முதல் உறையில் நம் முண்டு மிளகாய், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் பாதை. ரோட்டிலிருந்து பாத்தி வரைக்கும் நாலடி அகலத்துக்குப் பேவர் பிளாக் போதும். வாசலில் படி கட்டாமல் சரிவு வையுங்கள், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. இதற்கெல்லாம் பணம் ஏது என்று யாராவது இழுத்தால், பொது இடம் எங்களுக்கும் ஏதுவாக இருக்க வேண்டும் என்கிற 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். மைக்கில் அறிவிப்பதை வாட்ஸ்அப்பில் எழுதியும் போடுங்கள், தங்கச்சி படித்துக்கொள்வாள். காக்காவுக்கு வாய்ஸ் நோட்.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலையில் கடைக்கு வாருங்கள், இடத்தை அளந்துவிடலாம். டேப் என்னிடம் இருக்கிறது, தண்ணீர் ஊற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பம்ப் ரூம் சாவியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தையல்கடை அண்ணன்