கழுதையைக் கழுதையாகவே விடுங்கள்: பழமொழி விளக்கம் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழமொழிகளுக்கு "உண்மையான பொருள் இதுதான்" என்று காணொளி போடுகிற, மேடையில் பேசுகிற, வாட்ஸ்அப்பில் அனுப்புகிற எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் தமிழ் ஆர்வத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் விளக்கம் சொல்லும் முறைதான் கவலையாக இருக்கிறது.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே" என்று தினமும் சொல்கிறோம். நண்பன் நம் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, உடனே முந்தாநாள் நாம் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதனால்தான் கோபம் என்று ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைகிறோம், காலையில் விசாரித்தால் அவனுக்குக் காய்ச்சல். சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துத் தப்பாகப் புரிந்துகொள்வதற்குத்தான் அந்தத் தொடர். முடிச்சுப் போட முடி வேண்டும், மொட்டையில் அது கிடையாது, முழங்காலிலும் முடிச்சுக்கு எட்டுகிற அளவு இல்லை. இதற்குப் பின்னால் எந்த ராஜா கதையும் தேவையில்லை.

சரி, காதும் கணுக்காலும் இருக்க, ஏன் முழங்கால்? வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: மொட்டை, முழங்கால், முடிச்சு. முதலெழுத்து ஒத்துவரும் மோனை! உ, ஊ, ஒ, ஓ நான்கும் யாப்பில் ஒரே மோனை இனம், ஆக மொ-வும் மு-வும் இலக்கணப்படியே கைகோத்துக்கொள்கின்றன. "அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் என்ன சம்பந்தம்" என்பதிலும் அ-வுக்கு அ. அந்த அப்துல் காதர் யார் என்று தேடுவதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இப்போது கழுதைக்கு வருகிறேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பது தவறாம், "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை" என்பதே சரியாம், கழு என்றால் ஒரு வகைக் கோரையாம், அதில் பாய் தைத்துப் படுத்தால் கற்பூரம் மணக்குமாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கன்னடத்தில் "கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள" என்கிறார்கள், கத்தெ என்றால் கழுதைதான். தெலுங்கில் "காடித"வும் "கந்தபு வாசன"யும், அதாவது கழுதையும் சந்தன மணமும். அங்கே எந்தக் கோரையைத் தைப்பது? பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதையிலேயே இந்தக் கழுதை வந்துவிட்டது. சந்தனக் கட்டை சுமக்கும் கழுதைக்குப் பாரம் தெரியும், சந்தனம் தெரியாது, நூல்கள் பல படித்தும் பொருள் விளங்காதவரும் அப்படியே சுமக்கிறார் என்று வைத்தியம் படிக்கும் மாணவருக்குச் சொல்லப்பட்டது அது. மணப்பொருள் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது, தமிழில் க-வுக்குக் க என்று கற்பூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது, கழுதை மட்டும் எங்கேயும் மாறவில்லை. இவ்வளவு நீண்ட பயணத்தை ஒரு இடைவெளி விட்டுப் பிரித்து அழித்துவிடலாமா?

பழமொழிகள் காலப்போக்கில் திரிவதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. திரியும். அப்படித் திரிந்ததைக் காட்ட வழி இருக்கிறது. பழமொழி நானூற்றில் பாட்டுக்கு ஒரு பழமொழி பழைய வடிவத்திலேயே கிடக்கிறது. பெர்சிவல் பாதிரியார் 1874-லும் ஜென்சன் பாதிரியார் 1897-லும் அச்சிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுப்புகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. அப்புறம் பக்கத்து மொழிகள் இருக்கின்றன, அவற்றில் தேடாமல் தமிழ்ப் பழமொழிக்கு மூலம் சொல்லக் கிளம்புவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறேன், ஏனென்றால் வகுப்பில் நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அடுத்த முறை விளக்கம் சொல்லும்போது, அந்த வடிவத்தை எந்த நூலில், எந்த ஆண்டுப் பதிப்பில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பார்க்கவில்லையென்றால் "இது என் ஊகம்" என்றே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் விளக்கங்களை ஒன்று விடாமல் கேட்கும் ஒரு தமிழ் வாசகர்